ஓவர்லோடு பிடிபட்டால் யார் கட்டுவது? கொங்குப் பக்கத்து லாரி ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சங்ககிரி பட்டறைகளிலும் நாமக்கல் புக்கிங் ஆபீசுகளிலும் பல்லடம், பெருந்துறை டீக்கடைகளிலும் ஓவர்லோடு பற்றிய பேச்சு ஓய்வதில்லை. அதில் பாதி சரியான தகவல், பாதி யாரோ சொன்னது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறோம். முக்கியமாக ஓட்டுநர்களுக்காக எழுதியது, ஓனர்களும் படிக்கலாம்.

ஏனுங்க, லோடு ஏத்துனது பார்ட்டி, ஏத்தச் சொன்னது ஓனர். கேஸ் மட்டும் எதுக்குங்க டிரைவர் பேர்ல?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 113 அப்படித்தான் தொடங்குகிறது. ஆர்.சி.யில் குறித்த மொத்த எடைக்கு (வண்டியும் சுமையும் சேர்ந்த எடை) மேல் போகும் சுமையோடு பொது இடத்தில் யாரும் வண்டியை ஓட்டக்கூடாது, ஓட்ட வைக்கக்கூடாது, ஓட்ட விடவும் கூடாது. மீறினால் தண்டனை என்ன என்பதைச் சொல்லும் பிரிவு 194-லும் இதே மூன்று பேர்தான் வருகிறார்கள். ஆக ஓட்டுபவரும் மாட்டுவார், ஓட்டச் சொன்னவரும் மாட்டுவார், தெரிந்தே விட்டவரும் மாட்டுவார். ஓனர் இதிலிருந்து தப்பிவிடுகிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) கையைக் காட்டும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பது நீங்கள்தான். ஓனர் வீட்டில் இருப்பார், பார்ட்டி (சரக்கு அனுப்புகிறவர்) போனை எடுக்க மாட்டார், முதலில் எழுதப்படுவது உங்கள் பெயரும் லைசென்ஸ் நம்பரும்தான்.

"எனக்கு எடை தெரியாதுங்க சார்" என்ற பதில் ரோட்டில் எடுபடாது. கோர்ட்டிலும் பெரும்பாலும் எடுபடாது, ஏனென்றால் எடையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நியாயமா என்று கேட்டால், எங்களைப் பொறுத்தவரை பாதி நியாயம்தான். லோடு போடும் இடத்திலேயே எடை போட்டு, அதிகமாக ஏற்றி அனுப்புகிறவரையும் அதே வேகத்தில் பிடித்தால் ஓவர்லோடு ஒரே மாசத்தில் பாதியாகக் குறைந்துவிடும்.

இப்ப அபராதம் எவ்வளவுங்க?

அடிப்படை அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் உங்கள் பக்கம்தான். 2019-ல் சட்டத்தைத் திருத்தி அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் இப்படி ஆக்கினார்கள். அதற்கு முன்பு 2,000 ரூபாயும் டன்னுக்கு 1,000 ரூபாயும்தான். பழைய ஆட்கள் இன்னும் அந்தக் கணக்கிலேயே "என்ன, அஞ்சாறாயிரம் ஆகும், கட்டிக்கலாம்" என்று சொல்வதைக் கேட்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மொத்த எடை 28.5 டன் அனுமதி உள்ள, மூன்று அச்சு கொண்ட ஒரு டாரஸ் டிப்பர், காலி எடை 10.5 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி ஏற்றக்கூடியது 18 டன். எம்-சாண்டு (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, ஏறக்குறைய 4.5 டன் வரும், ஆக 4 யூனிட்டோடு முடிந்தது. ஆனால் கிரஷரில் 6 யூனிட் போட்டு அனுப்புகிறார்கள். 27 டன் லோடு, மொத்தம் 37.5, கூடுதல் 9 டன். அபராதம் 20,000 கூட்டல் 18,000, மொத்தம் 38,000 ரூபாய். அந்த 2 யூனிட்டுக்கு அன்றைக்குக் கிடைத்த கூடுதல் வாடகை எவ்வளவு என்று நீங்களே பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வெளி மாநிலத்தில் பிடிபட்டால் தொகை கொஞ்சம் மாறலாம். சமரசக் கட்டணமாக (கோர்ட்டுக்குப் போகாமல் கட்டி முடிக்கும் தொகை) எவ்வளவு வாங்குவது என்பதை அந்தந்த மாநில அரசு அறிவிக்க இடம் இருக்கிறது.

எடை கூட ஆனா ரோட்டுக்கு அப்படி என்னங்க ஆயிடும்?

நினைப்பதை விட ரொம்ப அதிகம். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தில் லாரிகளை மாதக்கணக்கில் ஓட்டி ஒரு பெரிய சோதனை செய்தார்கள். அச்சின் மேல் விழும் எடை கூடக் கூட, ரோட்டுக்கு ஆகும் சேதம் சுமார் நான்காம் மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது என்று அதிலிருந்து கணக்குப் போட்டார்கள். அச்சு எடை ஒன்றரை மடங்கு ஆனால் சேதம் ஏறக்குறைய 5 மடங்கு, இரண்டு மடங்கு ஆனால் 16 மடங்கு. கல்குவாரி உள்ள ஊர்களில் புதுசாகப் போட்ட தார் ரோடு ஒரு மழைக்காலத்துக்குள் பள்ளமாகிவிடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதற்கெல்லாம் காண்ட்ராக்டர் மட்டும் காரணம் இல்லை.

2018-ல எடையைக் கூட்டிட்டாங்களே, அப்ப பழைய வண்டியிலயும் கூட ஏத்தலாமா?

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மத்திய அரசு 2018-ல் அச்சு எடை வரம்பை உயர்த்தியது உண்மை. இரண்டு அச்சு உள்ள ஆறு சக்கர வண்டிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆனது, மூன்று அச்சு டாரஸுக்கு 25 டன்னாக இருந்தது 28.5 ஆனது, பெரிய டிரெய்லருக்கு உச்ச வரம்பு 49-லிருந்து 55 டன் ஆனது. ஆனால் பிரிவு 113 பார்ப்பது உங்கள் வண்டியின் ஆர்.சி.யில் என்ன எடை எழுதியிருக்கிறது என்பதைத்தான். ஆர்.சி.யில் 25,000 கிலோ என்று இருந்தால் உங்களுக்கு 25 டன்தான், பக்கத்தில் நிற்கும் புது டாரஸின் 28.5 உங்களுக்கு இல்லை.

முதன்முதலாக ஒரு வண்டியில் ஏறும்போது ஆர்.சி.யை வாங்கி மொத்த எடை, காலி எடை இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் காலியைக் கழித்தால் வருவது உங்கள் லோடு வரம்பு. சில வண்டிகளில் பிற்பாடு பாடி உயர்த்தியிருப்பார்கள், கேபினை மாற்றியிருப்பார்கள், டூல் பாக்ஸ், கூடுதல் ஸ்டெப்னி எல்லாம் ஏறியிருக்கும். அப்போது நிஜமான காலி எடை ஆர்.சி.யில் இருப்பதை விட அரை டன், ஒரு டன் கூடிவிடும். ஒரு தடவை காலி வண்டியை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள், நூறு இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் வேலை.

லோடு போடற இடத்துல எடை மேடையே இல்லீங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நம் ஊர்களில் பாதி லோடு எடைக் கணக்கில் ஏறுவதே இல்லை, அதுதான் பெரிய சிக்கல். மணல், ஜல்லி, எம்-சாண்டு எல்லாம் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அது அளவு மட்டும்தான், எடை சரக்கையும் ஈரத்தையும் பொறுத்தது. காய்ந்த ஜல்லி ஒரு எடை, தண்ணீர் ஊற்றிக் கழுவி அப்படியே ஏற்றிய எம்-சாண்டு வேறு எடை. டிப்பரின் பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனால் அந்தத் தண்ணீரும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணிக்கைக் கணக்கு. பச்சைக் காய்க்கும் காய்ந்த காய்க்கும், மட்டையோடு ஏற்றுவதற்கும் உரித்து ஏற்றுவதற்கும் எடை ரொம்ப மாறும். போன தடவை இதே எண்ணிக்கைக்குச் சரியாக இருந்ததே என்பது இந்தத் தடவைக்குச் சாட்சி ஆகாது. செங்கல்லும் அப்படித்தான், மழையில் நனைந்த கல்லைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிரானைட் பிளாக் ஏற்றுபவர்கள் நீள, அகல, உயரத்தைப் பெருக்கிக் கன மீட்டர் எடுத்து 2.7-ஆல் பெருக்கினால் டன் ஓரளவு சரியாக வந்துவிடும். மூட்டைச் சரக்கு என்றால் ஒரு மூட்டை எவ்வளவு என்பதைப் பார்ட்டி சொல்வதோடு விடாமல் நாலைந்து மூட்டையைத் தராசில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் மூட்டை, ஸ்டார்ச் மாவு மூட்டை, மக்காச்சோள மூட்டை எல்லாம் சாக்கில் அச்சடித்த எடையும் உள்ளே இருக்கும் எடையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

ஸ்பிரிங் பட்டை எவ்வளவு இறங்கியிருக்கிறது, டயர் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்த்தே அனுபவசாலிகள் எடை சொல்வார்கள். தப்பாகவும் இருக்காது. ஆனால் அது உங்களுக்கு எச்சரிக்கையாக மட்டும் பயன்படும், அதிகாரியிடம் காட்டுகிற ஆதாரம் ஆகாது. லோடு போட்ட இடத்திலிருந்து கிளம்பியதும் முதலில் வரும் எடை மேடையில் ஏற்றிச் சீட்டு வாங்குங்கள். அதிகமாக இருந்தால் அங்கிருந்து திரும்பிப் போவது கஷ்டம் இல்லை, நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் கஷ்டம்.

மொத்த எடை சரியா இருக்குங்க. அப்பவும் கேஸ் போட முடியுமா?

முடியும். மொத்த எடை மாதிரியே ஒவ்வொரு அச்சுக்கும் தனி வரம்பு இருக்கிறது. சேலம் பக்கம் இரும்புச் சுருள் (coil) ஏற்றுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கனமான சரக்கை முழுக்கப் பின்னால் தள்ளி வைத்தால் பின் அச்சு வரம்பைத் தாண்டிவிடும், முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. முழுக்க முன்னால் வைத்தால் முன் டயர் போகும். லோடுமேன்கள் அவர்களுக்கு இறக்க வசதியான இடத்தில் வைப்பார்கள், எங்கே வைக்க வேண்டும் என்று நின்று சொல்ல வேண்டியது நீங்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் எடை போடச் சொன்னா கட்டாயம் போகணுமா?

போக வேண்டும். பிரிவு 114-ன்படி போக்குவரத்துத் துறை அதிகாரியோ அரசு அதிகாரம் கொடுத்தவரோ சந்தேகப்பட்டால் வண்டியை எடை போடச் சொல்லலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். எடை மேடை நீங்கள் போகிற வழியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், அல்லது போய்ச் சேரும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி எங்கேயோ கூப்பிட்டால் மரியாதையாக இந்தப் பிரிவைச் சொல்லலாம். வாக்குவாதமாக்காமல் சொல்லுங்கள்.

நிற்காமல் ஓட்டிக்கொண்டு போனால், எடை போட மறுத்தால், அல்லது எடை போடுவதற்கு முன்பு பாதி லோடை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தால் தனி அபராதம் 40,000 ரூபாய். பிரிவு 194-ல் வரும் இந்தத் தண்டனை ஓட்டுநரை மட்டும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஓனர் போனில் "நிக்காத, ஓட்டீட்டு வா" என்று சொன்னால் அவர் உங்களை 40,000 ரூபாய்க்குள் தள்ளுகிறார் என்று அர்த்தம்.

அபராதம் கட்டீட்டா அதே லோடோட போயிடலாமுங்களா?

முடியாது. முன்பெல்லாம் பல மாநிலங்களில் பணத்தைக் கட்டிவிட்டு அதே லோடோடு போய்க்கொண்டிருந்தார்கள், சிலர் மாசத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு மாசம் முழுக்க ஓட்டினார்கள். பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் இது செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. அபராதம் கட்டினாலும் கூடுதல் சுமையை இறக்காமல் வண்டியை விடக்கூடாது. 2019 திருத்தத்தில் இதைச் சட்டத்துக்குள்ளேயே எழுதிவிட்டார்கள்.

இறக்குவது உங்கள் பொறுப்பில்தான். இறக்கி வைத்த சரக்கு மழையில் நனைந்தாலோ திருடு போனாலோ அதிகாரி பொறுப்பு இல்லை. நடைமுறையில் வேறொரு வண்டியை வரச்சொல்லி மாற்றுவார்கள். அதற்கு வாடகை, லோடுமேன் கூலி, ஒரு நாள் வெயிட்டிங், இதெல்லாம் சேர்த்தால் பல சமயம் அபராதத்தைத் தாண்டிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, பார்ட்டிக்கும் ஓனருக்கும் உடனே தகவல் சொல்வது, இறக்கிய மூட்டைகளை எண்ணிப் போட்டோ எடுப்பது, எண்ணிக்கையை பில்லின் பின்பக்கம் எழுதி யாராவது ஒருவரிடம் கையெழுத்து வாங்குவது. டெலிவரி இடத்தில் "குறையுது" என்று உங்களைத்தான் பிடிப்பார்கள்.

டோல்கேட்ல ஓவர்லோடுக்குன்னு தனியா வாங்கீட்டாங்களே, அது போதாதுங்களா?

போதாது. டோல்கேட்டில் வாங்குவது ரோட்டைப் பயன்படுத்தும் கட்டணம். போக்குவரத்துத் துறை போடுவது குற்றத்துக்கான அபராதம். அந்த ரசீது அனுமதிச் சீட்டு இல்லை. சொல்லப்போனால் உங்கள் வண்டி அதிக எடையோடு வந்தது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

ஓனர் அபராதத்தை என் சம்பளத்துல பிடிக்கிறாருங்க. பிடிக்கலாமா?

யார் எடையை முடிவு செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. கூடுதலாக ஏற்றச் சொன்னது ஓனர், அந்த வாடகையை வாங்கியதும் ஓனர் என்றால் அந்த அபராதம் அவருடைய தொழில் செலவு. ஓட்டுநரிடம் பிடிப்பது நியாயமே இல்லை. சட்டப்படியும் சம்பளத்தில் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. ஊழியரின் கவனக்குறைவால் நேரடியாக ஆன நட்டத்துக்குத்தான் பிடித்தம் செய்யலாம், அதையும் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் செய்யலாம். சம்பளத்தில் பாதிக்கு மேல் பிடிக்கக்கூடாது என்ற வரம்பும் இருக்கிறது. பேசித் தீராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. ஓனருக்குத் தெரியாமல் வழியில் நாலு மூட்டை, அரை டன் கம்பி என்று தன் கணக்கில் ஏற்றிக்கொண்டு பிடிபட்டால், அந்த அபராதத்துக்கு ஓனர் எதற்கு அழ வேண்டும்? அதே மாதிரி டிரிப் வாடகையில் சதவீதம் பேசி ஓட்டுபவர்களுக்கு லோடு கூடினால் வருமானமும் கூடும். கூடுதல் வாடகையில் பங்கு வாங்கிக்கொண்டு அபராதம் என்றதும் "நான் வெறும் டிரைவருங்க" என்றால் ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். வேலைக்குச் சேரும்போதே இதைப் பேசிவிடுங்கள், பேசியதை ஒரு வாட்ஸ்அப் மெசேஜாகவாவது போட்டு வையுங்கள்.

லைசென்ஸ் போயிடுமுங்களா?

போக வாய்ப்பு உண்டு, எங்களுக்குப் பெரிய பயமே இதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 21-ஆம் விதி, சரக்கு வண்டியில் அதிகச் சுமை ஏற்றுவதைப் பொதுமக்களுக்கு ஆபத்தான செயல்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளதைச் செய்தால் பிரிவு 19-ன்படி லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம். சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பியது. குடித்துவிட்டு ஓட்டுவது, சிக்னல் தாண்டுவது, செல்போன் பேசுவது ஆகியவற்றோடு ஓவர்லோடையும் சேர்த்து, குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தச் சொன்னது.

ஆனால் உங்களைக் கேட்காமல் நிறுத்த முடியாது. நோட்டீஸ் வரும், நேரில் போய் விளக்கம் சொல்லலாம். உத்தரவு வந்த பிறகும் 30 நாளுக்குள் அப்பீல் செய்ய வழி இருக்கிறது. நோட்டீஸ் வந்தால் மடித்துக் கேபினில் செருகி வைக்காதீர்கள். எடையைப் பற்றி முன்பே ஓனரிடம் சொன்னதற்கு ஆதாரம் இருந்தால் இந்த இடத்தில்தான் அது பெரிதும் உதவும்.

அபராதத்தை ஓனர் கட்டிவிடலாம், நல்ல ஓனர்கள் கட்டவும் செய்கிறார்கள். மூணு மாசம் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் உட்கார வேண்டியது நீங்கள் மட்டும்தான். "நான் பாத்துக்கறேன் எடு" என்று சொல்பவரிடம் எதையெல்லாம் பார்த்துக்கொள்வார் என்று கேட்டு வைப்பது நல்லது.

ஓவர்லோடோட விபத்து ஆயிட்டா?

அபராதம் எல்லாம் சின்ன விஷயம் ஆகிவிடும். யாராவது இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் வழக்கு வரும், கவனக்குறைவால் மரணம், 5 வருடம் வரை சிறை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு 2 வருடம்தான். அந்தச் சிறைக்கு ஓனர் உங்களுக்குப் பதிலாகப் போக முடியாது. வரம்புக்கு மேல் எடை இருந்தது என்பது வழக்கில் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எத்தனை வண்டி பிரேக் பிடிக்காமல் போயிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எடை கூடினால் அதே வேகத்தில் வண்டியை நிறுத்த பிரேக் தாங்க வேண்டிய சூடும் அதே அளவு கூடுகிறது. 28 டன்னுக்கு என்று செய்த டிரம்மும் லைனரும் 38 டன்னை நீண்ட இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் சூட்டில் பிடிப்பு விட்டுப்போகும், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லோடு சரியாக இருந்தாலே அது தப்பு, ஓவர்லோடில் அது தற்கொலை. ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். வண்டிக்கு ஆன சேதத்துக்கு கிளைம் போடும்போது ஓவர்லோடைக் காட்டி கம்பெனி மறுக்கப் பார்க்கும். 2010-ல் அமலேந்து சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய வழிகாட்டுதல்படி, அனுமதித்த சுமைக்கு மேல் ஏற்றிய வண்டிக்குக் கிளைம் தொகையில் 75 சதவீதம் வரை தரலாம். முழுசாக மறுத்தால் ஓனர் இதை வைத்துப் பேசலாம், ஆனால் முழுத் தொகையை எதிர்பார்க்க வேண்டாம்.

குவாரியில நடைச்சீட்டு குடுத்தாங்க. அது இருந்தாப் போதுமுங்களா?

நடைச்சீட்டில் (கனிமத்தை எடுத்துப் போகத் தரும் அனுமதிச் சீட்டு) எழுதிய அளவும் வண்டியில் இருக்கும் அளவும் ஒன்றாக இருந்தால் கனிமவளத் துறைக்குப் போதும். சீட்டில் 4 யூனிட், வண்டியில் 6 யூனிட் என்றால் அந்த 2 யூனிட் அனுமதி இல்லாமல் கடத்திய கனிமம் ஆகிவிடும். அது ஓவர்லோடு வழக்கோடு சேராது, கனிமச் சட்டத்தில் தனி வழக்கு, வண்டியையே பறிமுதல் செய்ய இடம் இருக்கிறது. வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரளாவுக்குக் கல், எம்-சாண்டு ஓட்டுபவர்கள் இரண்டு பக்கத்திலும் கேள்வி வரும் என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். சீட்டில் தேதி, நேரம், வண்டி நம்பர் சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

எடை கம்மிதானுங்க, பஞ்சு லோடு. ஆனா ரெண்டு பக்கமும் பிதுங்குது. பிரச்சனை வருமா?

வரும். பக்கவாட்டில், முன்னால், பின்னால் பாடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தாலோ, அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலோ தனியாக 20,000 ரூபாய் அபராதம், இறக்கும் செலவும் உண்டு. பஞ்சு, தென்னை நார், வைக்கோல், காலி கோழிக் கூண்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் மாட்டுகின்றன.

திம்பம் வழியா மைசூர் போறோம். அங்க வேற ரூல்ஸுன்னு சொல்றாங்களே?

ஆமாம். பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு, புலிகள் காப்பகத்துக்கு நடுவில் போகிற ரோடு. நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே இரவுத் தடையும் கனரக வாகனங்களுக்கு எடைக் கட்டுப்பாடும் இருக்கின்றன. உங்கள் ஆர்.சி.க்கு உட்பட்ட லோடாகவே இருந்தாலும் அந்த ரோட்டுக்கு வண்டி பெரிதாக இருக்கலாம். குறிப்பிட்ட ரோட்டில் வாகனங்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் தருவது பிரிவு 115, அதை மீறினாலும் தண்டனை அதே பிரிவு 194-ல்தான் வருகிறது. மேப் காட்டும் குறுக்கு வழியை நம்பி ஏறாமல், சத்தியமங்கலத்தில் அன்றைய நிலவரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள்.

வழியில எதையாவது குடுத்துட்டுப் போயிடலாமே, எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க?

கொடுத்ததற்கு ரசீது கிடையாது, அடுத்த செக்கிங்கில் அது செல்லாது. லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018-ல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள், 7 வருடம் வரை தண்டனை. மிரட்டி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு.

ஏத்த மாட்டேன்னு சொன்னா வேலையே போயிடுமுங்க. நாங்க என்னதான் பண்றது?

இதற்கு சுலபமான பதில் கிடையாது. நீங்கள் இறங்கினால் ஏற இன்னொருவர் தயாராக இருப்பார் என்பது ஓனருக்கும் தெரியும். ஆனால் பல ஓனர்களும் விரும்பி ஓவர்லோடு ஏற்றுவதில்லை. டன்னுக்கு இவ்வளவு என்று வாடகையைக் குறைத்துக் குறைத்து, டீசலும் டோலும் டயரும் ஏறிய பிறகு, சரியான லோடில் ஓட்டினால் டியூ கட்ட முடியாத நிலைக்கு பார்ட்டிகளும் புரோக்கர்களும் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஒருவர் 6 யூனிட் ஏற்றினால் 4 யூனிட் ஏற்றுபவருக்கு லோடே கிடைக்காது. அதனால்தான் லாரி உரிமையாளர் சங்கங்களிலேயே ஓவர்லோடைத் தடுக்கச் சொல்லிக் குரல் வருகிறது.

உங்களால் செய்ய முடிவது என்ன என்று பார்ப்போம். லோடு போட்ட இடத்திலேயே பேசுங்கள், வண்டி கேட்டைத் தாண்டிவிட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். ஓனருக்குப் போன் செய்வதோடு நிறுத்தாமல் மெசேஜ் போடுங்கள்: "அண்ணா, எடை சீட்டு 34 டன் காட்டுது, நம்ம ஆர்.சி. 28.5, எடுக்கட்டுமா, இறக்கட்டுமா?" சண்டைபோடுகிற மாதிரி எழுத வேண்டாம், கேள்வியாகக் கேளுங்கள், கூடவே எடைச் சீட்டின் போட்டோ. "எடுத்துட்டு வா" என்று பதில் வந்தால் ஓட்ட வைத்தவர் யார் என்பது எழுத்தில் வந்துவிட்டது. பதிலே வராவிட்டாலும் நீங்கள் கேட்டது பதிவில் இருக்கும். இந்த மெசேஜ் அபராதத்தைத் தடுக்காது, உங்களைக் குற்றத்திலிருந்து முழுக்க விடுவிக்கவும் செய்யாது. சம்பளப் பிடித்தத்திலும் லைசென்ஸ் விசாரணையிலும்தான் கைகொடுக்கும். ஒரு லாபம் இன்னும் இருக்கிறது: எழுத்தில் கேட்டால் பாதி ஓனர்கள் "சரி, ரெண்டு டன் இறக்கீட்டு வா" என்றுதான் சொல்வார்கள்.

பார்ட்டியையும் விடாதீர்கள். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் வண்டியில் ஏற்றக்கூடாது என்று டிரான்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் சொல்கிறது. பில்லில் எடை எழுதாமல் "லோடு 1" என்று எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எடையை எழுதி, முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்கள்.

சொந்த வண்டி, நானே ஓட்டறேன். எனக்கு இதெல்லாம் எப்படிங்க?

ஓனரும் நீங்கள்தான், டிரைவரும் நீங்கள்தான். அபராதம், லைசென்ஸ், பர்மிட் மூன்றுமே உங்கள் தலையில். சலான் கட்டாமல் நிலுவையில் இருந்தால் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட் புதுப்பிக்கப் போகும் நாளில் வந்து நிற்கும், அவசரமாகக் கடன் வாங்க வேண்டி வரும். மாசத்துக்கு ஒருமுறையாவது அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள்.

எடை மேடையே தப்பா காட்டுதுங்க. அப்ப?

நடக்கக்கூடியதுதான். எடை மேடைக்கு ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு சோதித்து முத்திரை போட வேண்டும், சான்றிதழை அங்கேயே வைத்திருப்பார்கள். காலாவதியாகி இருந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு வேறு மேடையில் மறுபடி எடை போடச் சொல்லிக் கேளுங்கள். வண்டி முழுவதும் மேடைக்குள் ஏறியிருக்க வேண்டும், டயர் விளிம்பில் உரசக்கூடாது, என்ஜினை அணைத்துவிட்டு நீங்களும் கிளீனரும் இறங்கிய பிறகு எடை எடுக்கட்டும். டேங்கர் என்றால் உள்ளே ஆட்டம் அடங்கும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

எடையில் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அந்த இடத்திலேயே சமரசக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் கோர்ட்டில் பேச வழி இருக்காது. சலானை வாங்கிக்கொண்டு, வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு எடைச் சீட்டையும் ஒரிஜினலாக வைத்திருங்கள், அந்தத் தாளில் மை சீக்கிரம் மங்கிவிடும், அன்றைக்கே போட்டோவும் எடுத்துவிடுங்கள்.